எழுதியவன் பசியும் எடுத்தவன் புண்ணியமும்

உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். நிக்காஹ் முடிந்து, சஹனில் உணவுண்டு, கை கழுவ எழுந்தபோது மைத்துனர் முறையாகும் இளைஞர் ஒருவர் மலர்ந்த முகத்துடன் என்னருகே வந்தார். “மச்சான், உங்க புஸ்தகத்தை முழுசா ஸ்கேன் பண்ணி நம்ம குடும்பக் குரூப்புலே போட்டுட்டேன். அங்கேருந்து சவூதி, மலேசியா வரைக்கும் போயிடுச்சு. காசு ஒண்ணும் வாங்கலே, இல்மு பரவட்டும்னுதான். எனக்காக துஆச் செய்யுங்க” என்றார். சுற்றி நின்ற பெரியவர்கள் “மாஷா அல்லாஹ்” என்றனர். நானும் சிரித்து வைத்தேன். மணவீட்டில் வேறென்ன செய்வது?

அந்த நூலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி விடுகிறேன். கடற்கரை ஊர்களில் மரக்கலம் ஓட்டிய முதியவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதியது. பதினோர் ஆண்டுகள் ஆயின. பதிப்பகத்தார் எவரும் முன்வராமையால் நானே அறுநூறு படிகள் அச்சிட்டேன். அச்சுக் கூலிக்காக என் மனைவியின் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போயின. அவற்றுள் ஒன்று இன்னமும் திரும்பவில்லை. நானூற்றுக்கு மேற்பட்ட படிகள் கட்டிலடியில் கட்டுக்கட்டாக உறங்குகின்றன. ஆனால் நூலோ சவூதியிலும் மலேசியாவிலும் உலா வருகிறது! படிக்கப்படாத நூல் என்றால் என் எழுத்தின் குறை என்று அடங்கி விடுவேன். படிக்கப்படுகிறது, பாராட்டப்படுகிறது, விற்கவில்லை. இந்த விந்தையை எந்தக் கணக்கில் எழுதுவது?

தன் துயரத்தை ஊரார் முன் விரிப்பதற்காக இதனை எழுதவில்லை. தமிழில் எழுதுகின்ற எவரைக் கேட்டாலும் இதே கதையை வேறு வேறு சொற்களில் சொல்வர். இருநூறு ரூபாய் விலையுள்ள நூலுக்குப் பத்து விழுக்காடு உரிமைத்தொகை தருகின்ற பதிப்பகத்தை நாம் நல்ல பதிப்பகம் என்கிறோம். ஆயிரம் படிகளும் விற்றுத் தீர்ந்தால் எழுதியவன் கையில் சேர்வது இருபதாயிரம் ரூபாய். இரண்டு ஆண்டு உழைப்பிற்கு இது கூலி. இந்த இருபதாயிரத்தைத்தான், விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டி, நாம் இல்லாமல் ஆக்குகிறோம். கடையில் சீப்பு வாழைப்பழத்தைக் காசு கொடாமல் எடுத்தவனை மரத்தில் கட்டி வைக்கத் துடிக்கின்ற அதே ஊர், முந்நூறு பக்க நூலை முழுமையாக எடுத்தவனுக்கு துஆச் செய்கிறது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் இரண்டு. காசு வாங்கவில்லை என்பது ஒன்று. அறிவைத்தானே பரப்புகிறோம் என்பது மற்றொன்று. இரண்டையும் பார்ப்போம்.

முதலாவதைச் சட்டம் முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறியவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வணிக இலாபத்திற்காகச் செய்யாதவராயின் காரணம் எழுதி, அந்த ஆறு மாதத்திற்கும் ஐம்பதாயிரத்திற்கும் குறைத்து விதிக்கலாம் என்று நீதிமன்றத்திற்கு இடந்தருகிறது. கவனியுங்கள்: குறைக்கலாம் என்றுதான் சொல்கிறது, குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. உரிமையாளருக்குக் கேடு விளையும் அளவிற்குப் படிகளைப் பரப்புவதே மீறல் என்கிறது 51-ஆம் பிரிவு. அங்கே காசு கைமாற வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தனக்கென்று படிக்கவும், ஆராயவும், விமரிசிக்கவும் நியாயமான அளவில் எடுத்துக் கொள்ள 52-ஆம் பிரிவு தாராளமாக இடமளிக்கிறது. இருநூறு பேர் கொண்ட குழுவில் முழு நூலையும் கொட்டுவது எவர் கணக்கிலும் “தனக்கென்று” ஆகாது. முகப்பையும் ஆசிரியர் பெயரையும் வெட்டி விட்டு, தம் குழுவின் முத்திரையைப் பொறித்து அனுப்புகிறார்களே சிலர், அவர்கள் 57-ஆம் பிரிவையும் மீறுகிறார்கள். உரிமையை விற்று விட்ட பின்னும், தன் பெயரைத் தன் படைப்பின் மீது கோருவதற்கு ஆசிரியனுக்குள்ள தனி உரிமை அப்பிரிவில்தான் இருக்கிறது.

இனி, அறிவைப் பரப்புதல். இச்சொல்லைக் கேட்டாலே நம்மவர் தலை வணங்கி விடுகின்றனர். ஆகையால் சற்று நின்று பேசுவோம். உலகின் முதல் பதிப்புரிமைச் சட்டம் என்று கருதப்படுவது 1710-இல் இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. புதிய நூலுக்குப் பதினான்கு ஆண்டு உரிமை. அதன் முடிவில் ஆசிரியர் உயிருடன் இருந்தால் மேலும் பதினான்கு. அச்சட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? கல்வியை ஊக்குவிக்கும் சட்டம்! எழுதியவனுக்கு உரிமை கொடுப்பதுதான் கல்வியை வளர்க்கும் வழி என்று அன்றே கண்டனர். மூன்று நூற்றாண்டு கழித்து, எழுதியவனின் உரிமையைப் பறிப்பதுதான் கல்வியை வளர்க்கும் வழி என்று நாம் கண்டிருக்கிறோம்.

அதற்கு முன்பு எழுதியவன் எப்படி உண்டான் என்று கேட்கலாம். வள்ளல்கள் இருந்தனர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரைத் தாங்கியவர் சீதக்காதி. அவர் மறைந்த பின் அபுல் காசிம் மரைக்காயர். அவ்விருவரும் இல்லாதிருந்தால் அக்காப்பியம் நம் கைக்கு வந்திருக்குமா? புலவரின் பசியை ஆற்றாமல் புலவரின் பாட்டைக் கேட்டு மகிழலாம் என்று அவர்கள் எண்ணியதில்லை. வள்ளல்களின் காலம் போய் அச்சின் காலம் வந்தது. ஒரு சீதக்காதி செய்ததை ஆயிரம் வாசகர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுச் செய்வதற்கு ஏற்பட்ட ஏற்பாடுதான் நூலின் விலை. அந்தப் பங்கைத் தர மறுத்து விட்டு, சீதக்காதியின் வள்ளன்மையைப் பற்றி மேடையில் முழங்குவதில் நமக்குக் குறைவில்லை.

நம் கல்வி மரபிலோ நூல் என்றால் அனுமதி என்ற சொல் அதனுடன் ஒட்டியே வந்தது. ஆசிரியரிடம் நேரில் ஓதி, அவரிடம் இஜாஸா பெற்ற பின்னரே மாணவர் அந்நூலைப் பிறருக்கு ஓதிக் கொடுப்பார். காசுக்காக அன்று, நூல் எவரிடமிருந்து வந்தது, பிழையின்றி வந்ததா என்று அறிவதற்காக. பிறர் கவிதையைத் தன்னதாகக் காட்டுவதற்கு அரபு இலக்கண நூலார் இட்ட பெயரே ஸரிக்கா, அதாவது களவு. கேளாமல் எடுத்துக் கொள்ளலாம் என்ற வழக்கம் எந்த மரபிலிருந்து வந்ததோ, நான் அறியேன்.

இந்த விஷயத்தில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. அதை மறைப்பது நேர்மையன்று. கையால் தொட முடியாத வெற்று உரிமையைச் சொத்தெனக் கொள்ளலாமா, விற்கலாமா என்று கேட்டனர். பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் பதிப்புரிமையைத் தனக்கென ஒதுக்கிக் கொள்வதை ஏற்கவில்லை. அவருடைய மகனார் முஃப்தி தகீ உஸ்மானி அவர்களோ அதே விஷயத்தை மீண்டும் ஆராய்ந்து, ஏற்கத்தக்கதே என்ற முடிவிற்கு வந்தார். தந்தையும் மகனும் கண்ணியத்தோடு வேறுபட்ட அழகிய எடுத்துக்காட்டு இது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியின் ஐந்தாவது அமர்வு, வணிகப்பெயர், வணிகக்குறி, நூலாக்கம், கண்டுபிடிப்பு முதலியவை அவற்றை உடையவருக்கே உரிய உரிமைகள், ஷரீஅத்தின் காப்புப் பெற்றவை, அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்று தீர்மானித்தது. குழுக்களில் நூலைக் கொட்டுகின்ற நண்பர்கள் முஃப்தி ஷஃபீ அவர்களின் வாதத்தைப் படித்து, அதில் மனம் ஒப்பியா கொட்டுகின்றனர்? கேட்கும் எண்ணமே அவர்களுக்கு எழவில்லை என்பதுதானே உண்மை.

வாசகரை இவ்வளவு கடிந்து கொண்ட பின், சட்டத்தின் பக்கம் திரும்புவோம். என் கோபத்தின் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது.

நாட்டில் சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இருக்கின்ற சட்டம் எவர் வீட்டுக் கதவைக் காக்கிறது என்பதே கேள்வி. திரைப்படத்தை எடுத்துக் கொள்வோம். வீடியோ நாடாக்களில் திருட்டுப் பெருகியபோது 1984-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. திருட்டு வி.சி.டி. பெருகியபோது தமிழக அரசு 2004-இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருடர்களையும் அதில் சேர்த்தது. இணையம் வந்ததும் நீதிமன்றங்கள் விரைந்தன. பெயர் தெரியாத எதிராளிக்கு “அசோக் குமார்” என்று பெயர் சூட்டித் தடையாணை வழங்கும் வழக்கம் நம் நாட்டில் ஏற்பட்டது. (உலகில் எத்தனை அசோக் குமார்கள் இதனால் மனம் நொந்தனரோ!) 2019 ஏப்ரலில், பெரிய பட நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் டில்லி உயர்நீதிமன்றம் ஒரு புதிய வழி கண்டது. தடை செய்யப்பட்ட தளம் பெயரை மாற்றிக் கொண்டு மீண்டும் தோன்றினால் புது வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை. அந்தப் புதுப் பெயரையும் பழைய ஆணையில் சேர்த்துக் கொள்ளலாம். 2023 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே சென்று, இனிமேல் வெளிவரப் போகின்ற படங்களுக்கும் அந்தக் காப்பை நீட்டியது. பிறக்காத குழந்தைக்கும் தாயத்து!

அதே ஆண்டில் நாடாளுமன்றம் திரைப்படச் சட்டத்தைத் திருத்தியது. அரங்கில் அமர்ந்து படத்தைக் களவாகப் பதிவு செய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. மூன்று இலட்சம் ரூபாய் முதல் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை தண்டம். 2023 நவம்பரில் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதற்கென அதிகாரிகளை நியமித்தது. படத்தின் உரிமையாளர் அவர்களிடம் முறையிட்டால் போதும். 48 மணி நேரத்திற்குள் அந்த இணைப்பை நீக்க வேண்டும் என்று தளங்களுக்கு விதிக்கப்பட்டது. நல்லது. திரைத்தொழிலில் ஆயிரமாயிரம் தொழிலாளர் வயிறு வளர்க்கின்றனர். அவர்களுக்குக் காப்பு வேண்டும்தான். எனக்கு அதில் அழுக்காறு இல்லை.

நூல் எழுதியவனுக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? அதையும் பாருங்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தன் படைப்பு ஓரிடத்தில் களவாக வைக்கப்பட்டிருப்பதைக் கண்ட உரிமையாளர், அதற்கு வழி காட்டும் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் முறையிடலாம். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையீடு சரியென்று கண்டால் அந்நிறுவனம் 36 மணி நேரத்திற்குள் வழியை அடைக்க வேண்டும். ஆகா, எவ்வளவு விரைவு என்று மகிழ்ந்து விடாதீர்கள். அடைப்பு 21 நாட்களுக்குத்தான். அதற்குள் உரிமையாளர் நீதிமன்ற ஆணையைக் கொண்டு வந்து காட்டாவிட்டால், நிறுவனம் கதவை மீண்டும் திறந்து விடலாம். இருபத்தொரு நாள்! நாடறிந்த வழக்கறிஞர்களை வாயிலில் நிறுத்தி வைத்திருக்கும் பட நிறுவனத்திற்கு இருபத்தொரு மணி நேரமே போதும். அதிராம்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ அமர்ந்து எழுதுகின்றவன் வழக்கறிஞரைத் தேடிப் பிடித்து, வக்காலத்தில் கையெழுத்திட்டு, மனுவைப் பட்டியலில் ஏற்றுவதற்குள் இருபத்தொரு நாள் போய்விடும். பிறகு அதே நூல் வேறொரு பெயரில் வேறொரு குழுவில் முளைக்கும். அதற்கு மீண்டும் ஒரு முறையீடு, மீண்டும் ஒரு இருபத்தொரு நாள்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். என் நூலைத் தாங்கி நின்ற இணைப்பு ஒன்றைக் குறிப்பிட்டு, ஒரு பெரும் நிறுவனத்திற்கு முறையிட்டேன். ஆங்கிலத்தில் படிவம். படைப்பின் உரிமையாளர் நானே என்பதற்குச் சான்று கேட்டனர். பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்றும் கேட்டனர். நம் நாட்டுச் சட்டப்படி பதிவு கட்டாயமன்று. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்து விடுகிறது. இலக்கியப் படைப்பைப் பதிவு செய்ய ஐந்நூறு ரூபாய்தான் கட்டணம். செய்து வைத்தால் நீதிமன்றத்தில் முதற்சான்றாக நிற்கும் என்பதும் உண்மையே. நான் செய்து வைக்கவில்லை. அது என் சோம்பல். இதனைப் படிக்கும் எழுத்தாளர் எவரும் அச்சோம்பலைப் பின்பற்ற வேண்டாம். இருப்பினும், சட்டம் கேளாத சான்றைத் தனியார் நிறுவனம் ஏன் கேட்க வேண்டும்? நான்கு கடிதங்கள் போயின, நான்கு பதில்கள் வந்தன. மூன்று பதில்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன.

போராடினால் வெல்ல முடியாது என்று சொல்லி எவரையும் சோர்வடையச் செய்யவும் நான் விரும்பவில்லை. போட்டித் தேர்வுகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து நூல்களும் எழுதிய ஓர் ஆசிரியை, தம் பாடங்களையும் நூல்களையும் டெலிகிராம் சேனல்களில் களவாகப் பரப்புவதைக் கண்டு 2020-இல் டில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினார். ஒன்றை மூடினால் இன்னொன்று முளைத்தது. பரப்புகின்றவர் யார் என்று சொல்லுங்கள் என்று கேட்டார். எங்கள் கணினிகள் சிங்கப்பூரில் இருக்கின்றன, அந்நாட்டுச் சட்டம் பயனாளரின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது என்றது டெலிகிராம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கணினி எங்கிருந்தாலும் இந்நாட்டில் நடந்த மீறலுக்கு இந்நாட்டு நீதிமன்றம் விடை கேட்கும் என்று கூறி, சேனல் நடத்தியோரின் விவரங்களை மூடிய உறையில் தருமாறு 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. டெலிகிராம் தந்தது. ஓர் ஆசிரியை பெற்றுத் தந்த வெற்றி இது. ஆனால் 2020-இல் கேட்ட கேள்விக்கு 2022-இல்தான் விடை. அதுவும், வழக்குத் தொடுக்கும் வலிமை அவருக்கு இருந்ததனால்.

அந்த வலிமை இல்லாதவரைச் சட்டம் முற்றிலும் மறந்து விட்டதா என்றால், இல்லை. 62-ஆம் பிரிவு, உரிமையாளர் தாம் வசிக்கின்ற ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. எதிராளியைத் தேடி அவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இதை எழுதியவர் உள்ளத்தில் ஏழை எழுத்தாளன் இருந்திருக்கிறான். 63-ஆம் பிரிவின் கீழான குற்றம், காவல்துறை தானே வழக்குப் பதியக் கூடிய, பிணையை உரிமையாகக் கோர முடியாத குற்றம் என்று உச்சநீதிமன்றமும் 2022 மே மாதத்தில் தெளிவாக்கி விட்டது. ஏட்டில் எல்லாம் இருக்கின்றன. காவல் நிலையத்தில் சென்று, “ஐயா, என் நூலை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பி விட்டார்கள்” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மாவட்ட நீதிமன்றங்களில் இத்துறையில் பழகிய வழக்கறிஞரைக் காண்பதும் அரிது. சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தையும் 2021-இல் கலைத்து விட்டனர். அதன் பணி உயர்நீதிமன்றங்களுக்குப் போயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் இதற்கெனத் தனிப் பிரிவும் விதிகளும் கண்டது வரவேற்கத்தக்கதே; ஆயினும் உயர்நீதிமன்றத்தின் படி ஏறுவது என்பது கட்டிலடியில் நூற்கட்டுகளை வைத்திருப்பவனால் ஆகிற காரியமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டம் பாயும்போதும் குறி தவறிப் பாய்கிறது. குண்டர் சட்டம் என்பது விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கின்ற தடுப்புக் காவல் சட்டம். தெருவோரத்தில் துணி விரித்து வி.சி.டி. விற்ற ஏழைப் பையனுக்கும் அதைக் காட்டலாம். எங்கோ அமர்ந்து படத்தை ஏற்றியவன் முகம் எவருக்கும் தெரியாது. நம் சமுதாயத்திற்குத் தடுப்புக் காவல் என்றால் என்னவென்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. களவை ஒழிக்கக் களவை விடக் கொடிய கருவி எதற்கு? 2012-இல் “3” என்ற திரைப்படத்திற்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெற்ற ஆணையைக் காட்டி, இணைய நிறுவனங்கள் வீமியோ போன்ற தளங்களை முழுமையாகவே மூடி விட்டன. அங்கே தம் சொந்தப் படைப்பை வைத்திருந்த எளியோர் என்ன குற்றம் செய்தனர்? அந்த ஜூன் மாதத்திலேயே நீதிமன்றம், களவு இருக்கின்ற குறிப்பிட்ட இணைப்பை மட்டும் அடையுங்கள் என்று திருத்தியது. ஒரு வீட்டில் திருடன் புகுந்தான் என்பதற்காகத் தெருவையே பூட்டிய கதை. பதிப்புரிமையின் பெயரால் இத்தகைய பூட்டுகள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

“அப்படியானால் காசில்லாத மாணவன் படிக்க வேண்டாமா?” என்பர். நியாயமான கேள்வி, சட்டமும் அதற்கு விடை வைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பெரும் பதிப்பகங்கள், டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்ற சிறு கடை ஒன்றின் மீது 2012-இல் வழக்குத் தொடுத்தன. பயிற்றுவித்தலுக்காக ஆசிரியர் சொன்ன பகுதிகளை எடுப்பது மீறலாகாது என்று 2016-இல் டில்லி உயர்நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. பார்வையற்றோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றித் தர, ஆசிரியரின் அனுமதியே வேண்டியதில்லை என்று 2012 திருத்தம் சொல்கிறது. ஆசிரியர் மறைந்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு கடந்து விட்டால் நூல் ஊருக்குப் பொது. 1965-லோ அதற்கு முன்போ மறைந்தவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகள் 2026 தொடக்கத்தில் விடுதலை பெற்று விட்டன. திரைப்பட அதிபர் ஒருவரிடம் இருந்த பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசே பெற்றுப் பின்னர் மக்களுக்கு உரியதாக்கிய நாடு இது. அன்று முதல் இன்று வரை எத்தனையோ அறிஞர்களின் நூல்களை, அவர்தம் குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை அளித்துத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கி வருகிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாக வழங்குகிறது. இலங்கையின் நூலகம் நிறுவனம் அந்நாட்டுத் தமிழ் ஏடுகளையும் நூல்களையும் மின்னுருவில் காத்து வைத்திருக்கிறது. ஆக, படிக்க விரும்புகிறவனுக்கு நேர்வழிகள் பல திறந்திருக்கின்றன. குழுவில் நூலைக் கொட்டுகிறவர் இவற்றில் ஒன்றையேனும் மாணவனுக்குச் சொல்லியிருப்பாரா?

நம் பதிப்பகத்தாரையும் விட்டு விட மனம் வரவில்லை. பி.டி.எஃப். கண்டு பதறுகின்ற அவர்களில் எத்தனை பேர் எழுத்தாளனுடன் ஒப்பந்தம் செய்து கொள்கின்றனர்? உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு. காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு. நாடு குறிக்கப்படாவிட்டால் இந்தியாவிற்குள் மட்டும். இது தெரியாத எழுத்தாளர்கள், ஒருமுறை கொடுத்த நூலை ஆயுள் முழுதும் கொடுத்து விட்டதாக எண்ணிக் கொண்டிருக்கின்றனர். எத்தனையாவது பதிப்பு என்றே அறியாமல், கடையில் தம் நூலைக் கண்டு தாமே காசு கொடுத்து வாங்கிய பெரியவர் ஒருவரை நான் அறிவேன். வாசகன் செய்தால் களவு, பதிப்பாளன் செய்தால் வணிகமா?

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். திரைப்படத்திற்கு அதிகாரியும் 48 மணி நேரமும் உண்டென்றால் நூலுக்கும் வேண்டும். எழுத்தாளன் தமிழில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால், அதனை ஆராய்ந்து தளத்திற்கு ஆணையிடும் அதிகாரி ஒருவர் மாநிலந்தோறும் அமர வேண்டும். அவர் ஆணைக்கு எதிராக முறையிட எதிர்த்தரப்புக்கும் வழி இருக்க வேண்டும். தவறான முறையீட்டால் குரல் நெரிக்கப்படுவோரும் உண்டு. இருபத்தொரு நாள் நிபந்தனையில், நீதிமன்ற ஆணை வாங்கும் சுமையை எழுத்தாளன் தலையில் வைத்தது தவறு. நூலை ஏற்றியவர் மறுத்து எழுதாத வரை கதவு அடைபட்டே இருக்கட்டும், மறுப்பவர் தம் பெயரையும் முகவரியையும் தந்து மறுக்கட்டும். சிறைத் தண்டனையைப் பெருக்குவதில் எனக்கு நாட்டமில்லை. என் மைத்துனர் சிறை செல்ல வேண்டும் என்று நான் துஆச் செய்வேனா? நூலின் விலையையும் அதற்கு மேல் ஒரு தண்டத்தையும் விரைவாக வாங்கித் தருகின்ற சிறு வழக்கு மன்றம் மாவட்டத்திற்கு ஒன்று இருந்தால் போதும்.

அரசியல் சாசனத்தில் பதிப்புரிமை ஒன்றியப் பட்டியலின் 49-ஆம் இனமாக இருப்பதால், இவற்றை டில்லியில்தான் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் எழுதுவோரும் நூலகம் நடத்துவோருமாகச் சிலர் கூடி, நாடாளுமன்ற உறுப்பினரிடம் அளிப்பதற்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். முதலில் வந்து கையெழுத்திட்டவர் அந்த மைத்துனர்தாம். குழுவிலிருந்து என் நூலை நீக்கி விட்டதாகவும், பிற குழுக்களுக்குப் போனதைத் தம்மால் திரும்பப் பெற முடியவில்லை என்றும் தலை குனிந்து சொன்னார். கட்டிலடியிலிருந்து பத்துப் படிகள் வாங்கிக் கொண்டு, விலையையும் எண்ணி வைத்தார். போகும்போது வாசலில் நின்று, “மச்சான், இந்த மனுவை எல்லாக் குரூப்புக்கும் அனுப்பலாமா?” என்று கேட்டார். அதற்கு மட்டும் தாராளமாக அனுமதி கொடுத்தேன்.